சூடேறாத போறணை



மின்கருவிகளைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என நீங்கள் வினவுதல் கூடும். நான் கலைப்பட்டதாரி; இலக்கியமும் வரலாறும் கற்பித்தே தலை நரைத்தவன். எனினும், 2023ஆம் ஆண்டு மார்கழியில் என் தங்கையின் அடுக்களையிலே நிகழ்ந்ததொன்று என்னையும் மின்னியல் மாணவனாக்கிவிட்டது.

தங்கை கணவனை இழந்தவள். மட்டக்களப்பிலே கேக் செய்து விற்று இரு பிள்ளைகளையும் படிப்பிக்கிறாள். நத்தாருக்கு ஆறு நாட்கள் இருக்கையில் அவளது மின் போறணை சூடேற மறுத்தது. உள்விளக்கு எரிந்தது, வெப்பத்துக்குரிய குமிழைத் திருப்பியதும் வீட்டு மின்சாரம் முழுவதும் நின்றது. மூன்று முறை முயன்றும் அதே கதை. நான் சென்றபோது மூத்த மகன் திருப்புளியுடன் நின்றான். "மாமா, ட்ரிப் சுவிச்சுத்தான் பழுது. அதை விலக்கிவிட்டுக் கம்பியை நேரே தொடுத்தால் வேலை செய்யும்" என்றான். அவனைத் தடுத்துப் பிரதான ஆளியை நிறுத்தினேன்.

நேயர்களே, ட்ரிப் சுவிச்சு என நாம் வழங்கும் கருவி மின்கசிவைக் காண்பது. வீடுகளிலே பொருத்தப்படுவது பொதுவாக 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும். அது விழுதல் பழுதன்று, எச்சரிக்கை. அதனை விலக்கியிருந்தால், ஈரக்கையுடன் வெறுந்தரையில் நிற்கும் தாயைக் காக்க அவ்வீட்டில் வேறென்ன இருந்திருக்கும்?

போறணை சூடேறாவிடின், முதலில் எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று நோக்குதல் வேண்டும். விளக்கும் எரியவில்லையாயின், நன்றாய் எரியும் மேசைவிளக்கொன்றை அதே குதையிற் செருகிப் பாருங்கள். அதுவும் எரியாவிடின் குற்றம் போறணையினதன்று. அது எரிந்தால் செருகியினுள் இருக்கும் உருகியை ஐயுறலாம்.

விளக்கு எரிந்தும் வெப்பம் இல்லையாயின், குமிழ்களைக் கவனியுங்கள். நேரக்குமிழ் சுழியத்தில் நின்றால் பல போறணைகள் சூடேறா. தெரிவுக்குமிழ் விளக்கிலோ விசிறியிலோ நின்றாலும் அவ்வாறே. கூலி கொடுத்து அழைத்த மின்னியலாளர் குமிழொன்றைத் திருப்பிவிட்டுச் சென்ற வீடுகளும் உண்டு.

இவை சரியாயின் எஞ்சுவன வெப்பச்சுருளும் வெப்பநிலைநிறுத்தியும் அவற்றின் இணைப்புகளுமே. 2000 வாற்றுப் போறணையொன்று 230 வோல்ற்றிலே ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். ஆதலின் 5 அம்பியர்க் குதையில் அதனைச் செருகுதல் தவறு. அச்சுருளின் தடை ஏறத்தாழ 26 ஓம். இக்கணக்குக்கு அடிப்படையான விதியை 1827இல் வெளியிட்ட ஜோர்ஜ் ஓம் என்பாரும் பாடசாலை ஆசிரியராய் இருந்தவரே என்பதில் எனக்கொரு பெருமை. பல்மானி தடை எதனையும் காட்டாது முடிவிலியைக் காட்டின் சுருள் அறுந்துவிட்டது என்க. ஆனால் மூடியைக் கழற்றி அளத்தல், செருகியைப் பிடுங்கி, போறணையை ஆறவிட்டபின், தொழில் அறிந்தவர் செய்யவேண்டியது.

தங்கையின் போறணையிலோ சுருள் அறவில்லை. நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பியை உருக்குக் குழாயினுள் வைத்து, சுற்றிலும் மகனீசியமொட்சைட்டுத் தூளை இறுக அடைத்திருப்பர். அத்தூள் மின்னைத் தடுக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும். மாரி மழையில் நெடுநாள் பாவிக்காது கிடந்த போறணையிலே, வெடித்திருந்த குழாய்முனை வழியே ஈரம் புகுந்து மின்னைக் கசியவிட்டது. மறுநாள் வந்த மின்னியலாளர் இதனைக் கண்டறிந்து, புதிய சுருளைத் தேடிப் பிடித்துப் பொருத்த மேலும் இரு நாட்கள் சென்றன.

அதுவரை சந்தியிலுள்ள பேக்கரிக்காரர், பாண் இறக்கியபின் தம் விறகுப் போறணையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு கேக்குகள் கருகின. ஒருவர் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் நேர்ந்தது. எனினும் நத்தார் காலையில் அவள் அடுக்களையில் நின்றாள்; பிள்ளைகள் அருகிருந்து தேநீர் அருந்தினர்.

மருமகனின் திருப்புளியை நான் பறித்துக்கொள்ளவில்லை. அவன் இப்போது தொழினுட்பக் கல்லூரியிலே மின்னியல் பயில்கிறான். அவசரப்பட்ட கை அறிவு பெற்ற கையாகட்டும் என்பதே என் விருப்பம். நேயர்களே, உங்கள் வீட்டு ட்ரிப் சுவிச்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். இன்றே அதனை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்குமாயின் மகிழுங்கள். நில்லாவிடின் மின்னியலாளரை அழையுங்கள்.