வறுமைக் கோடும் நமது வாழ்வும்



நாடு செழிக்கிறதா என்று காண ஏற்றுமதிக் கணக்கைப் புரட்டுவது வழக்கம். நாம் சீவும் மரத்துப் பாலும், வெட்டும் செம்பனைக் குலையும் அதில் தவறாமல் இடம்பெறுகின்றன. சீவியவர் வீட்டு அடுப்பின் நிலையை அக்கணக்குச் சொல்லாது. அதை அளக்க ஏற்பட்டதே வறுமைக் கோடு.

1970இல் தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கு 49.3 குடும்பங்கள் வறுமையில் உழன்றன. 2016இல் நாடு முழுவதிலும் 0.4 விழுக்காடே எஞ்சியதாக அறிவிக்கப்பட்டது. மகிழத்தக்க செய்திதான். ஆயினும் அன்றைய கோடு, குடும்பம் முழுமைக்கும் மாதம் 980 வெள்ளி. நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 வெள்ளி! அரிசி, பள்ளிச் சீருடை, பஸ் கட்டணம் யாவும் அதற்குள் அடங்க வேண்டும்.

2020 ஜூலையில் அரசாங்கம், சத்துள்ள உணவையும் பிற தேவைகளையும் கருதிக் கோட்டை 2,208 வெள்ளியாக உயர்த்தியது. அப்புதிய முறையில் 2016ஆம் ஆண்டை மீண்டும் அளந்தபோது வறியோர் 7.6 விழுக்காடாயினர். அதே ஆண்டு, அதே குடும்பங்கள், அளவுகோல்தான் வேறு. அதுவரை அவர்கள் எந்தக் கணக்கில் இருந்தார்கள்?

தோட்டம் விட்டுப் பட்டணம் போன நம்மவரையும் எண்ணுவோம். சம்பளம் கூடியிருக்கலாம், லயத்து வீடு போய் வாடகை வந்தது. வாசலில் வளர்ந்த கீரையும் முருங்கையும் இன்று காசு கொடுத்து வாங்கும் பொருள்கள்.

ஆகவே, புள்ளிவிவர இலாகாவினர் குடும்ப வருமானம் கேட்டு நம் வாசலுக்கு வரும்போது, கூச்சப்பட்டு வரவைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். செலவையும் கடனையும் உள்ளபடியே எழுதச் சொல்வோம்.