கணனி தீர்த்த வழக்கு



கல்விச்சாலைக்குள் கணனி புகுந்துவிட்டது. தொலைவிலுள்ள ஆசானின் பாடத்தை அது வன்னிக் கிராமத்துக்கும் கொணர்கிறது. ஆயிரம் விடைத்தாள்களின் புள்ளிகளை நொடியிற் கூட்டுகிறது. இவற்றை நான் எதிர்ப்பவனல்லன். ஆனால், கணக்கப்பிள்ளையாக வந்த கருவி நீதிபதியின் ஆசனத்தில் அமரலாமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். கொரோனாத் தொற்றினால் அங்கு உயர்தரப் பரீட்சை கைவிடப்பட்டது. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தரத்தை மதிப்பிட்டு, மாணவரை வரிசைப்படுத்தியும் அனுப்பினர். பரீட்சைகளை மேற்பார்வை செய்யும் ஒஃப்குவால் என்னும் அமைப்போ, பாடசாலை முந்திய மூன்றாண்டுகளிற் பெற்ற பெறுபேறுகளை அளவுகோலாக வைத்து, ஒரு கணிப்பு விதியால் தரங்களை வகுத்தது. ஓகஸ்ட் 13ஆம் நாள் பெறுபேறு வெளிவந்தபோது, ஆசிரியர் மதிப்பீடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 கீழிறக்கப்பட்டிருந்தன! பாடமொன்றில் ஐவருக்கு மேற்படாத சிறு வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீடே நிலைத்தது. அத்தகைய வகுப்புகள் எங்கே மிகுதி? கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலைகளிலன்றோ? மாணவர் வீதிக்கு வந்தனர். நான்கே நாட்களில் அரசு பணிந்தது. இரு தரங்களில் உயர்ந்ததே வழங்கப்பட்டது.

கமக்கார அன்பர்களே! இவ்வருடம் உங்கள் வயலில் விளைந்த நெல்லை அளக்காமல், ஊரின் சென்ற மூன்றாண்டு விளைச்சலைப் பார்த்து விலை தீர்த்தால் ஒப்புவீர்களா?

ஒரு மாணவனின் புள்ளியை அவன் சேர்ந்த கூட்டத்தைப் பார்த்துத் திருத்துவது என்னவென்று, 1970களிற் தரப்படுத்தலைக் கண்ட நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கணிதத்தின் பெயராற் செய்வதெல்லாம் நியாயமாகாது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில், பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் தோற்றிய இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தனர். அக்கணிப்பை 2012இல் நமது உயர் நீதிமன்றமே தள்ளிற்று.

எவரையும் கேளாது தீர்ப்பளித்தலாகாது என்பது சட்டத்தின் பழைய விதி. ஆகவே மூன்றைக் கேட்போம். கணிப்பு விதி பரீட்சைக்கு முன்னரே பகிரங்கமாகட்டும். தரம் குறைக்கப்பட்ட மாணவனுக்கு, பெயரும் பதவியும் உள்ள ஒரு மனிதர் காரணம் சொல்லட்டும். சர்வகலாசாலையின் கதவு அடைபடுமுன் மேன்முறையீடு தீர்க்கப்படட்டும்.

இம்மூன்றும் இல்லாத இடத்தில், கணனி எத்துணை விரைவாகத் தீர்ப்பளித்தாலும், அது விரைவான அநீதியேயாகும்.