புள்ளியும் பணியும்

மென்பொருள் இயற்றும் குழுவொன்றில் நான் பணியாற்றிய காலம். 'அஜைல்' முறைப்படி, ஒவ்வொரு வேலைக்கும் அதன் கடினத்தை மதிப்பிட்டுப் புள்ளியிடுவோம். இரு வாரங்களில் முடித்தவற்றின் கூட்டுத்தொகையே 'வெலாசிட்டி'. அடுத்து எவ்வளவு இயலும் என்று குழு தானே அறிதற்கு ஏற்பட்ட கணக்கு அது. எங்கள் மேலாளரோ, 30 என்பது 40 ஆகவேண்டும் என்றார். ஆயிற்று! 3 புள்ளி வேலையை 5 என்று எழுதினோம். நானும் எழுதினேன், நேயர்களே. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மலைப்பகுதியில் கூடி இம்முறைக்கு வித்திட்ட 17 பேரின் கொள்கைகளோ, இயங்கும் மென்பொருளையே முன்னேற்றத்தின் தலையாய அளவாகக் கொண்டவை. வெட்கமுற்ற நாங்கள், அடுத்த முறை எங்கள் ஆக்கத்தைக் கணக்கர் ஒருவரிடம் கொடுத்து அருகே அமர்ந்தோம். ஒரு பற்றுச்சீட்டைக்கூடப் பதிய இயலாமல் அவர் திணறினார். அவ்விரு வாரங்களுக்குச் சுழியம் என்று எழுதினோம்.