மேற்குறியும் உயிரொலியும்

(திருவண்ணாமலையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



அண்ணாமலை என்னும் பெயரின் பொருளை இவ்வூரார் நன்கறிவர். அண்ணுதல் என்பது நெருங்குதல். அண்ணா மலை என்பது நெருங்கவொண்ணா மலை. நான்முகன் அன்னமாய்ப் பறந்து முடி தேடியும் காணாது மீண்டான் என்னும் கதையும் இம்மலையைச் சார்ந்தே வழங்குகிறது. இனி, இப்பெயரை உரோமன் எழுத்தில் தாங்கி நிற்கும் பலகையைத் தமிழறியா வழிப்போக்கன் ஒருவன் படிக்கட்டும். அவ்வெழுத்தில் ணகரத்திற்கும் னகரத்திற்கும் வேறுபாடில்லை; அகரத்திற்கும் ஆகாரத்திற்கும் வேறுபாடில்லை. அவன் 'திருவன்னமலை' என்று படிப்பானாயின் அப்பலகை அவனைத் தடுக்காது. அன்னம் அண்ணா மலை அன்னமலை ஆகிவிடுகிறது! எழுத்தின்மேல் ஒரு கோடும் எழுத்தின்கீழ்ப் புள்ளியும் இல்லாமையால் விளைந்த கேடு இது.

மேற்குறி என்பது அணிகலன் அன்று. அஃது ஒலியின் காவல். உரோமன் எழுத்து இலத்தீன் மொழிக்குரியது. அம்மொழியில் குறிலும் நெடிலும் இருந்தும் எழுத்தில் அவை பெரும்பாலும் பிரித்துக் காட்டப்படவில்லை. கல்வெட்டுகளில் மட்டும் சிற்சில இடங்களில் நெடிலின்மேல் சாய்கோடு இட்டனர். பின்னாளில் அவ்வெழுத்தைக் கடன்கொண்ட மொழிகளுக்கோ உயிரொலிகள் மிகுதி. கடன்பெற்ற உயிரெழுத்துகள் போதவில்லை. ஆகவே ஒவ்வொரு மொழியும் தன் ஒலிக்கேற்பக் குறிகளை அமைத்துக்கொண்டது.

குறி ஒன்றாயினும் பணி ஒன்றன்று என்பதை இங்குக் கருதுக. வலப்புறம் சாய்ந்த மேற்கோடு அங்கேரிய மொழியில் நெடிலைக் காட்டும். அங்கே 'கொர்' என்றால் அகவை; மேற்கோடு பெற்று 'கோர்' ஆனால் நோய்! அதே கோடு எசுப்பானியத்தில் எவ்வசையை அழுத்தி ஒலிக்க வேண்டுமென்பதைக் காட்டும். பிரஞ்சில் எகரத்தின் ஒலித்தன்மையைக் காட்டும். வியத்நாம் மொழியில் குரல் உயர்ந்து செல்வதைக் காட்டும். மேலே இடும் இரு புள்ளிகள் செருமானியத்தில் உயிரொலியையே மாற்றும். பிரஞ்சில் அடுத்தடுத்த இரண்டு உயிர்களைப் பிரித்தொலிக்கச் செய்யும். 1928இல் துருக்கி நாடு உரோமன் எழுத்துக்கு மாறியபோது, தன் உயிரொலிகளைப் பலியிடாமல் அவ்விரு புள்ளிகளையும் உடன் ஏற்றது. எழுத்தைக் கடன்கொள்ளினும் ஒலியைக் கைவிடாத மக்கள் இவர்கள்.

தமிழ் இவ்வுண்மையைக் கடன்கொண்டு அறியவில்லை. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியமே விதித்தது. புள்ளி பெற்றது குறில்; பெறாதது நெடில். ஆயின், ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமாதலின் எழுதுவோர் அதனை விடுத்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இல்லை. அதனால் 'பெறு' என்பதையும் 'பேறு' என்பதையும் படிப்போர் இடம்நோக்கியே உணர வேண்டியதாயிற்று. இக்குறையை 18ஆம் நூற்றாண்டில் நீக்கியவர் இத்தாலி நாட்டினரான வீரமாமுனிவர். குறிலுக்கிருந்த புள்ளியை விடுத்து, நெடிலுக்குத் தனிக்குறி தந்தார். ஏகாரத்தின் கீழிழுப்பும், ஓகாரத்தின் சுழியும், சுழித்த கொம்பும் அவ்வழி வந்தவை. குறி இடம் மாறிற்று. குறில் நெடில் வேறுபாடு நிலைபெற்றது.

பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978இல் ஏற்று, 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. திருவண்ணாமலை என்னும் பெயரின் 'ணா', 'லை' ஆகிய இரண்டும் அவற்றுள் அடங்கும். வடிவம் மாறியதேயன்றி ஒலி சிறிதும் மாறவில்லை.

தமிழை உரோமன் எழுத்தில் எழுத நேருமிடத்து வழியே இல்லையா? உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகரமுதலி அவ்வழியைக் காட்டிற்று. உரோமன் உயிரெழுத்துகள் ஐந்தும் ஐந்து குறில்கள். அவற்றின்மேல் கிடைக்கோடிட்டால் ஐந்து நெடில்கள். ஐகார ஔகாரங்கள் இவ்விரண்டு எழுத்தால் அமையும். பன்னீருயிரும் பழுதின்றி நின்றன! சமற்கிருதத்தில் எகர ஒகரக் குறில்கள் இன்மையால், அதற்கமைந்த முறையில் குறியிடாத எழுத்தே நெடிலைக் குறிக்கும். அம்முறையை அப்படியே தமிழுக்கு ஏற்றினால் இரண்டு குறில்கள் இடமின்றிப் போகும். அனைத்துலகத் தரப்படுத்த நிறுவனம் 2001இல் வெளியிட்ட 15919ஆம் எண் தரமுறையும் ஏகார ஓகார நெடில்களுக்கு மேற்கோடிடுவது இதனாலேயே.

இவ்வழியை விட்டதன் விளைவை 2020 சூன் திங்களில் நாடு கண்டது. 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தமைப்பைத் தமிழொலிக்கேற்ப மாற்ற அரசாணை வந்தது. நோக்கம் நன்று, கருவி குறையுடையது. மேற்குறியின்றி, வேலூரின் ஏகாரத்தைக் காட்ட உரோமன் எகரத்தை இரட்டித்தனர். ஆங்கில வழக்கில் அவ்விரட்டை ஈகாரம் ஆதலின், அது 'வீலூர்' என்று படிக்க இடந்தந்தது! எள்ளலுக்கிடமான அவ்வாணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஒரு கோடு செய்யும் பணியை இரண்டு எழுத்துகள் செய்ய இயலவில்லை.

இன்று இதனினும் பெரிய இழப்பு நம் வீடுகளில் நிகழ்கிறது. இளையோர் கைப்பேசியில் தமிழை உரோமன் எழுத்தில், எக்குறியுமின்றி எழுதுகின்றனர். 'கொடு' என்றானா, 'கோடு' என்றானா? 'படு' என்றானா, 'பாடு' என்றானா? எழுதியவனே வந்து சொன்னாலன்றித் தெளிவில்லை. வீரமாமுனிவருக்கு முற்பட்ட ஓலையின் மயக்கத்திற்கே மீள்கிறோம். ஓலைக்காவது கிழியும் என்னும் காரணம் இருந்தது; தமிழ் விசைப்பலகை அமைந்த கைப்பேசிக்கு என்ன காரணம் உண்டு?

எனவே, தமிழன் தமிழனுக்கு எழுதுவதைத் தமிழெழுத்திலேயே எழுதுக. பிறநாட்டார் பொருட்டு நிலப்படத்திலும் நூற்பட்டியலிலும் உரோமன் எழுத்து வேண்டுமாயின் மேற்குறியோடு எழுதுக. ஊர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் நிற்கட்டும். கீழே வரும் உரோமன் வடிவம் தன் கோட்டையும் புள்ளியையும் தாங்கி வரட்டும். ஓர் ஊரின் பெயரைப் பிழையறச் சொல்லிக் கொடுப்பது அவ்வூராரின் கடமை. அக்கடமை அவரவர் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியிலிருந்து தொடங்கட்டும்!