தாச்சி சுமந்த அதிதிகள்



சொந்தச் செலவில் கடல் கடந்து வந்து, நம் வலிகாமத்துச் செம்மண்ணில் இந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டி, உள்ளங்கை கொப்பளிக்கத் தாச்சி சுமந்த இந்த இளைஞர்களை வாழ்த்துமாறு என்னைப் பணித்தீர்கள், மனமார வாழ்த்துகிறேன். ஆனால், இவர்களுக்குச் சாந்து குழைக்கவும் நூல் கட்டவும் கற்பித்த நம் மேசனார் எங்கே? அழைப்பிதழில் பிரமுகர் பெயர்கள் நிரம்பி வழிகின்றன. அவர் பெயரைக் காணோமே! கைதட்டுகிறீர்கள், நன்றாகத் தட்டுங்கள், அவர் காதில் விழட்டும்.

இந்தத் தொண்டு நேற்றுத் தோன்றியதன்று. முதலாம் உலக மகாயுத்தம் பிரான்சின் வேர்டன் பிரதேசத்தைச் சுடுகாடாக்கிய பின்னர், 1920இல், பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் எஸ்ன் என்னும் கிராமத்தைப் புனருத்தாரணம் செய்யப் புறப்பட்டபோது, யாரை உடனழைத்துச் சென்றார் தெரியுமா? நேற்றுவரை சத்துருவாயிருந்த ஜேர்மனியரையே! ஊரில் துவேஷம் தணியவில்லை. சில மாதங்களில் அவர்கள் வெளியேற நேர்ந்தது. அம்மனிதர் சோர்ந்தாரா? 1934இல் பீகார் பூகம்பத்தால் நொறுங்கியபோது, இந்தியாவுக்கு வந்து அங்கும் மண்வெட்டி பிடித்தார்.

இந்த இளைஞர்களை உல்லாசப் பிரயாணிகள் என்று பரிகசிக்கும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். பெயர் சொல்லேன், நீங்களே சிரிக்கிறீர்கள்! அத்திவாரக்கல் நாட்டும் வைபவமென்றால் அழையாமலே முன்வரிசைக்கு வந்துவிடும் அம்மகானுபாவர்கள், சாந்தகப்பையைத் தொட்டது படமெடுக்கும் நிமிஷத்தில் மாத்திரமே. இப்பிள்ளைகள் ஒரு நாள் முழுதும் அடுக்கிய கல்லை நம் மேசனார் காலைத் தேநீருக்கு முன்னரே அடுக்கிவிடுவார் என்பது மெய்தான். அவருக்குரிய கூலியைக் குறைத்து இவர்கள் வேலை செய்திருந்தால் நானே முதலில் கண்டித்திருப்பேன். அப்படி நடக்கவில்லை, அவர் கூலியும் பெற்றார், குருஸ்தானமும் பெற்றார்.

மேசனாரைப் பற்றி இன்னொன்று. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தி ஜயந்தியன்று, தொடங்கியதே, அதில் வடக்கு கிழக்கில் குடும்பமொன்றுக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபா. அதுவும் வேலை வளர வளரத் தவணையாக வங்கிக்கு வந்தது. மணல் விலையும் சீமெந்து விலையும் தவணைக்குக் காத்திருக்குமா? தாலிக்கொடியை அடகு வைத்துச் சுவரெழுப்பிய தாய்மார் எத்தனை பேர்! 2015 மார்ச்சில் பாரதப் பிரதமரே இளவாலைக்கு வந்து வீடு கையளித்த காட்சியைத் தேசமெல்லாம் பார்த்தது. அடகுக்கடை வாசலை யார் பார்த்தார்கள்? காசு வரும்வரை கூலி கேளாமல் வேலை செய்துகொடுத்த நம் மேசனார் பார்த்தார்.

ஆகையால் சபைத் தலைவர் அவர்களே, இந்த வீட்டின் முகப்பில் நீங்கள் பதிக்கவிருக்கும் கல்வெட்டில் அவருடைய பெயரையும் பொறிக்க வேண்டும். இடமில்லையென்றால் பிரமுகர்களில் ஒருவரைக் குறையுங்கள். என் பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.