இல்லமும் அலுவலும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாரத்திற் சில நாள் அலுவலகத்திலும் சில நாள் இல்லத்திலுமாகப் பணிபுரியும் முறை நம் குடும்பங்கள் பலவற்றுள் வேரூன்றிவிட்டது. நெடுங்காலம் நிலைக்கவல்ல அம்முறைக்கு ஏற்ப இல்லத்தை எவ்வாறு அமைத்துக்கொள்ளல் வேண்டும் என்பதுபற்றிச் சில கூற விரும்புகின்றேன். இஃது இளைஞர்க்கே உரிய பொருளென்று பெரியோர் ஒதுக்கிவிடலாகாது. இல்லம் அனைவர்க்கும் பொதுவாகலின், அதனுட் புகுந்த தொழிலும் அனைவர் கவனத்திற்கும் உரியதேயாம்.

தொலைவிலிருந்தே அலுவல் செய்தல் என்னுங் கருத்து மிகப் புதியதன்று. 1973-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டு ஜாக் நில்ஸ் என்பார் அதற்கு ஒரு பெயரிட்டு ஆராய்ந்தார். எனினும், நம் நாட்டில் அதனை வீடுதோறும் கொணர்ந்து சேர்த்தது 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கேயாகும். அந்நாளிற் கட்டிலும், ஊஞ்சலும், உண்ணும் மேசையும் அலுவலகமாயின. ஆபத்துக் காலத்திற்கு அது தகும். மழைக்கு ஒதுங்கிய திண்ணையிலேயே குடித்தனம் நடத்தலாகுமோ?

இம்முறையின் பயனை ஆராய்ந்தவருள் நிக்கோலஸ் புளூம் என்னும் பொருளியற் பேராசிரியர் ஒருவர். சீன நாட்டுப் பயண நிறுவனமொன்றில் 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை தொடங்கினர். வாரத்தில் நான்கு நாள் இல்லத்திலிருந்து ஒன்பது திங்கள் பணிபுரிந்தோரின் வேலைத்திறன் நூற்றுக்கு 13 பங்கு உயர்ந்தது. ஆயினும், சோதனை முடிந்தபின் அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்திற்கே மீண்டனர். தனிமையே அதற்குப் பெருங் காரணம். பின்னர் அதே நிறுவனத்தில் 1,612 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை மட்டும் வாரத்தில் இரண்டு நாள் இல்லத்திற் பணிபுரியச் செய்து கண்ட முடிவு 2024-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வேலைத்தரம் குறையவில்லை, விலகுவோர் தொகையோ மூன்றிலொரு பங்கு குறைந்தது. பெண்டிரிடத்தும் நெடுந்தூரம் பயணஞ் செய்வோரிடத்தும் இப்பயன் மிகுதியாகக் காணப்பட்டது. ஆதலின், இரண்டுங் கலந்த முறையே நிலைக்கத்தக்கது என்பது புலனாம்.

நிற்க. அகப்பொருளைத் தொல்காப்பியனார் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தமை நீவிர் அறிவீர். நம் பொருளையும் அம்முறையிலேயே ஆராய்வோம்.

முதற்பொருள் என்பன இடமும் காலமும். தனியறை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால் ஒரு மூலையேனும் அலுவலுக்கென்றே ஒதுக்கப்படல் வேண்டும். படுக்கையிலிருந்து பணிபுரிதல் முதுகிற்கும் கேடு, உறக்கத்திற்கும் கேடு. சாளரத்தின் ஒளி பக்கவாட்டில் விழுமாறு மேசையை இடுக. தொடங்கும் வேளையையும் முடிக்கும் வேளையையும் வீட்டார் அறிய எழுதி ஒட்டுக. பலரொடு கலந்து பேசுதற்கும் மூத்தோரிடங் கற்றற்கும் அலுவலக நாளையும், தனித்திருந்து எண்ணி எழுதுதற்கு இல்ல நாளையும் கொள்ளுக. மின்வாரியத்தார் மாதப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்னரே அறிந்து, அன்று அலுவலகஞ் செல்லுதல் அறிவுடைமை.

கருப்பொருள் ஈண்டுக் கருவிகளாம். மடிக்கணினியைக் குனிந்தே நோக்கின் கழுத்து நோவும். தடித்த புத்தகங்களின்மீது அதனை உயர்த்தித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திற்கு வருமாறு செய்து, விசைப்பலகையும் மௌஸும் தனியே கொள்ளுக. முழங்கை மேசை மட்டத்தில் மடங்கவும், பாதம் தரையிற் படியவும் நாற்காலி அமைதல் வேண்டும். பாதம் எட்டாதார் ஒரு மணையை இட்டுக்கொள்ளலாம். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 விநாடி நோக்குதல் கண்ணுக்கு இளைப்பாறல். ரௌட்டர் சிறிது மின்சாரமே கொள்வதாகலின், சிறியதொரு யுபிஎஸ் அதனை மின்தடையிலுங் காக்கும். சார்ஜர் இங்கொன்றும் அங்கொன்றும் இருப்பின் பையின் சுமை குறையும். அலுவலகத்தார் தந்த கணினியைப் பிள்ளைகளின் விளையாட்டிற்குக் கொடாமை நம்பிக்கைக்குரியார் கடன்.

இனி உரிப்பொருள், அஃதாவது ஒழுக்கம். முதலும் கருவும் பணத்தால் அமையும். இது மனத்தாலேயே அமையும். கணவன், மனைவி இருவரும் இல்லத்திலிருந்து பணிபுரியும் வீடுகளில் யான் பெரிதுங் கண்டது இது: கணவனுக்குக் கதவுடைய அறை, மனைவிக்கு அடுக்களையை ஒட்டிய உண்ணும் மேசை. அவன் பேசுங்கால் பிள்ளைகள் அடக்கப்படுவர். அவள் பேசுங்கால் குக்கர் கூவும், வாயில் மணி ஒலிக்கும், வந்த விருந்தினர்க்குக் காப்பியும் வேண்டும். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்னும் ஒரு சொல்லே அவள் தொழிலை அழிக்கப் போதுமானது.

நடுவணரசார் 2024-ஆம் ஆண்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டுவேலையில் ஈடுபடுவோருள் பெண்டிர் நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஆடவர் 88 நிமிடமும் அதிற் செலவிட்டனர். இச்சுமையோடு எட்டு மணி நேர அலுவலும் அதே கூரையின்கீழ்ச் சேருமாயின், ஒருத்தியின் உடல் எத்துணைக் காலந் தாங்கும்? அரிதிற் படித்துப் பெற்ற பணியை அவள் துறப்பாளாயின், அதனை விதியென்றல் பொருந்தாது. வீட்டார் செய்த ஏற்பாட்டின் விளைவென்றே கூறல் வேண்டும்.

மாமனார், மாமியாராகிய பெரியோர்களே! பணி நேரத்தில் மருமகள் இல்லத்தில் இருந்தும் இல்லாதவளே என்று கொள்ளுங்கள். தமிழில் 'இல்' என்னுஞ் சொல் வீட்டையும் குறிக்கும், இன்மையையும் குறிக்கும். இவ்விடத்து இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்துமன்றோ!

இளைஞர்களே! கதவுள்ள அறையை நாள் மாறி நாள் பகிர்ந்துகொள்ளுங்கள். இல்லத்திற் பணிபுரியும் நாளில் பேருந்திலும் இரயிலிலும் கழியாது மிஞ்சும் நேரத்தை அடுக்களைக்கும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

இவ்வாரமே ஒவ்வோர் இல்லத்தாரும் ஒருங்கமர்ந்து, யாருக்கு எவ்விடம், எந்நேரம், எவ்வேலை என்று எழுதி முடிவு செய்யுங்கள். மூன்று திங்கட்கு ஒருமுறை அதனை மீண்டும் நோக்கித் திருத்துங்கள். பெண்மக்களைப் படிக்கவைத்த அளவில் நம் கடன் முடிந்ததன்று. அப்படிப்புப் பயன்படுதற்கு வீட்டில் ஒரு மேசை இடுதலும் நம் கடனே.