அதிர்வுதாங்கியும் உத்தரவாதச் சீட்டும்



மைசூரிலிருந்து சாமராஜநகர், ஆசனூர் வழியாகச் சத்தியமங்கலத்துக்கு இறங்கிச் செல்லும் அன்பர்களுக்குத் திம்பம் மலைப்பாதையை நாம் வருணிக்க வேண்டுவதில்லை. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. பிழைப்பின் பொருட்டுக் கருநாடகத்தில் குடியேறிய கொங்கு நாட்டார் பலர் பொங்கலுக்கும் கோயில் நோன்புக்கும் தாயகம் திரும்புவது அவ்வழியேதான். நாமும் அவர்களுள் ஒருவர்.

ஓராண்டு அவ்வழியே வயது முதிர்ந்த தாயாரை அழைத்துக்கொண்டு செல்கையில், வளைவு ஒவ்வொன்றிலும் வண்டி ஒரு புறம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடியும் சாயத் தலைப்பட்டது. பின்னிருக்கையிலிருந்த அன்னையார், “என்ன கண்ணு, வண்டி தொட்டிலாட்டம் ஆடுது?” என்று வினவினார். பாதை கரடுமுரடு என்று விடையிறுத்தோம். பாதை அன்று நன்றாகவே இருந்தது. பழுது வண்டியில் இருந்தது. அது நமக்கும் தெரியும். பழுது பார்க்கப் பணம் ஒதுக்காமல் இரண்டு மாதங்களாகத் தள்ளிப்போட்டு வந்தோம் என்பதே உண்மை. இன்றைய பேச்சுக்குப் பொருளாக அமைந்தது அந்தத் தொட்டிலாட்டமே.

காரின் அடிப்பகுதியில் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே இரு கருவிகள் வேலை செய்கின்றன. ஒன்று வில், மற்றொன்று பட்டறைகளில் ‘ஷாக் அப்சார்பர்’ என்றும், சுருக்கமாக ‘ஷாக்’ என்றும் வழங்கும் அதிர்வுதாங்கி. வண்டியின் பாரத்தைச் சுமப்பது வில்லே. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் வண்டியின் பின்புறத்தில் இருந்தது பட்டைவில். இக்காலச் சிறு கார்களின் முன்புறத்தில் இருப்பது சுருள்வில். வில்லுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு முறை அமுக்கினால் பல முறை துள்ளும். அத்துள்ளலை அடக்குவதே அதிர்வுதாங்கியின் கடமை. எண்ணெய் நிரம்பிய குழாயினுள் ஒரு தண்டு மேலும் கீழும் செல்ல, சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகிறது. துள்ளலின் விசை வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எண்ணெய் கசிந்துவிட்டாலோ, உள்ளிருக்கும் வால்வு தேய்ந்துவிட்டாலோ வில் தன் மனம் போல் ஆடும். டயர் சாலையைப் பற்றாது. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் நீளும். டயரின் முகத்தில் திட்டுத் திட்டாகத் தேய்மானம் தோன்றும். ஆகவே இதை உட்காருவோரின் சொகுசுக்கான பொருள் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

பழைய தாங்கியின் நிலையை வீட்டு வாசலிலேயே ஓரளவு அறியலாம். வண்டியின் ஒரு மூலையைப் பலங்கொண்ட மட்டும் அமுக்கிக் கையை எடுத்தால், அது எழுந்து, ஒரு முறை தாழ்ந்து நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் ஆடினால் சந்தேகிக்கலாம். ஆடாதிருப்பதனால் நல்லது என்று முடிவுகட்டவும் இயலாது. குழாயின் மீது எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் படிந்த புழுதியும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பதே மேல்.

இனிக் கடைக்கு வருவோம். பெங்களூரின் ஜே. சி. சாலையானாலும், தில்லியின் காஷ்மீரி கேட் ஆனாலும், சென்னைப் புதுப்பேட்டையானாலும் ஒரே உறுப்புக்கு நான்கைந்து விலை சொல்வார்கள். கார் தயாரித்த நிறுவனத்தின் பெட்டியில் வருவதற்கு ஒரு விலை. அந்நிறுவனத்துக்குச் செய்து கொடுக்கும் ஆலையே தன் சொந்தப் பெட்டியில் விற்பதற்கு அதனினும் குறைந்த விலை. 1961-இல் தொடங்கப்பெற்று, ஓசூரிலும் ஆலை கொண்டுள்ள கேப்ரியல் இந்தியா போன்றவை இவ்வகை. மூன்றாவது, கார் நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஆலைகளின் மலிவுச் சரக்கு. இதில் நல்லதும் உண்டு, தீயதும் உண்டு. நம் பேச்சுக்கு உரியது பெரும்பாலும் இவ்வகையே. நான்காவது, புதுப்பிக்கப்பட்டது என்று சொல்லியே விற்பது. ஐந்தாவது, புதுப்பித்ததையோ போலியையோ புதியது என்று சொல்லி விற்பது.

இவ்வைந்தாவதைக் கண்டுகொள்ள நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சிறு வசதி உண்டு. எழுத்துப்பிழை எங்கிருந்தாலும் கண்ணில் குத்தும். ஒரு கடையில் நமக்குக் காட்டிய பெட்டியில் ஆலையின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. ‘சஸ்பென்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலும் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. பல்லாயிரம் பெட்டிகள் அச்சிடும் ஆலை தன் பெயரையே பிழையாக அச்சிடுமா? பெட்டியை வைத்துவிட்டு நன்றி கூறி வந்தோம். ஆயினும் எல்லாப் போலிகளும் இவ்வளவு தாராளமாகத் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலையும், அயல்நாட்டுச் சரக்காயின் எந்த நாட்டினது என்பதும் பெட்டியின் மேல் இருத்தல் வேண்டும் என்பது விதி. முகவரி இல்லாப் பெட்டிக்கு உத்தரவாதம் எவ்வளவு நீளமாயிருந்தும் பயன் யாது? சீட்டை யாருக்கு அனுப்புவது?

பெட்டியைத் திறந்து பொருளைக் கையில் எடுங்கள். பளபளக்கும் தண்டின்மீது நகத்தால் மெல்ல வருடுங்கள். கீறலோ, புள்ளியோ, துருவோ தட்டுப்படலாகாது. தண்டு குழாயினுள் நுழையும் வாயிலில் எண்ணெய் தடுக்கும் ரப்பர் வளையம் இருக்கிறது. வெளிப்பூச்சு அவ்வளையத்தின் மீதும் படிந்திருந்தால், பழைய பொருளைத் தூரிகையால் பூசியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். குழாயின் பக்கத்தில் துளையிட்டு எண்ணெய் ஊற்றி மறுபடி பற்றவைத்த தழும்பு தடித்த கரும்பூச்சின் அடியில் மறைந்திருக்கும், விரலுக்கு அகப்படும். பிறகு பொருளை நிமிர்த்திப் பிடித்துத் தண்டை முழுவதும் அமுக்கி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் வெற்றிடம் போல் தளர்ந்தால் ஐயம் கொள்க. ஆனால் ஓர் எச்சரிக்கை. கடையில் நாட்கணக்கில் படுக்கவைத்திருந்தால் எண்ணெயோடு காற்றுக் கலந்து அவ்வாறு தளர்வதுண்டு. நிமிர்த்தி நாலைந்து முறை இழுத்தமுக்கிய பின்னும் தளர்ச்சி நீங்காவிடில் மட்டுமே பழுது எனலாம். வாயு நிரப்பிய வகையாயின் அமுக்கிவிட்ட தண்டு தானே மெல்ல வெளியே வரும்.

இனி அந்தச் சீட்டு. வாரண்டி, கியாரண்டி என்னும் இரு சொற்களையும் நம் கடைவீதிகள் ஒரே பொருளில் வழங்குகின்றன. தமிழரும் கன்னடியரும் இதில் வேற்றுமையின்றி ஒன்றுபட்டிருப்பதைக் காணலாம்! சட்டத்தின் மொழி அவ்வளவு தாராளமானதன்று. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் ‘நிபந்தனை’ என்பதையும் ‘வாரண்டி’ என்பதையும் பிரித்து வைக்கிறது. நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே மறுத்துவிடலாம். வாரண்டி மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே கோரலாம். அச்சட்டமே, ஒரு வகைச் சரக்கை வழக்கமாக விற்கும் வியாபாரி, பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் ஒருவருக்குத் தரும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லாமலே உள்ளடங்கிய நிபந்தனையாகக் கொள்கிறது. ஆகவே சீட்டே கொடாத வியாபாரியும் பொறுப்பிலிருந்து முற்றிலும் நழுவிவிட முடியாது.

சீட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘ஓராண்டு’ என்றோ ‘20,000 கிலோமீட்டர்’ என்றோ இருக்கும். எது முந்துகிறதோ அத்துடன் முடிவு என்பது சிறிய எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தை ஒரு முறை தமிழாக்கிப் பார்த்தோம். உத்தியோகப் பழக்கம் விடவில்லை! பொருளுக்கு மட்டுமே உத்தரவாதம், மாட்டும் கூலிக்கு இல்லை. டாக்சிக்கு இல்லை. வண்டியின் உயரத்தை மாற்றினால் இல்லை. பழுதான பொருளை ஆலை பரிசோதித்துச் சொல்வதே முடிவு. மாற்றித் தரும் பொருளுக்குப் புதிய காலம் கிடையாது. பழைய சீட்டில் எஞ்சிய காலமே உண்டு. வாங்கிய கடையில்தான் கொடுக்க வேண்டும். பணி மாற்றத்தில் ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மவர்க்குக் கடைசி விதி மிகவும் முக்கியமானது. மைசூரில் வாங்கிப் போபாலில் பழுதானால் என் செய்வது? நாடெங்கும் கிளையுள்ள ஆலையின் ஆறுமாத உத்தரவாதம், ஒரே கடையின் இரண்டாண்டு உத்தரவாதத்தைவிட நமக்கு மதிப்புடையது என்பது நம் கருத்து.

நம் கதைக்குத் திரும்புவோம். ஊர் சென்று வந்ததும் பெயர்பெற்ற ஆலையின் முன்பக்க ஜோடி 4,300 ரூபாய் என்றும், மலிவு வகை 2,600 ரூபாய் என்றும் தெரிந்தது. மலிவு வகைக்கும் ஓராண்டுச் சீட்டு இருந்தது. பெட்டியில் முகவரி இருந்தது. தண்டிலும் குறை காணவில்லை. அதையே வாங்கினோம். பட்டறைக்காரர் பொறுமையான மனிதர். பழைய தாங்கியைக் கழற்றியதும், தண்டின்மேல் புழுதி படியாமல் மூடும் ரப்பர் உறை கிழிந்திருப்பதைக் காட்டி, “சார், இதையும் மாத்திடுங்க, 700 ரூபாய்தான்” என்றார். புதியது வாங்கியாயிற்றே, உறைக்கு வேறு செலவா என்று மறுத்துவிட்டோம்.

ஐந்தாம் மாதம் இடப்புறத் தாங்கி கசிந்தது. கடைக்காரர் பட்டறையைக் கைகாட்டினார். பட்டறைக்காரர் கடையைக் கைகாட்டினார். பில்லை எடுத்துப் பார்த்தால், எழுத்தெல்லாம் மறைந்து வெள்ளைத்தாளாக இருந்தது. வெப்பத்தால் அச்சாகும் தாள் அப்படித்தான் வெளுக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. கடையின் கணக்கில் பதிவிருந்ததால் பிரதி கிடைத்தது. பொருள் ஆலைக்குப் போயிற்று. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தண்டில் மண் கீறிய தடங்கள் உள்ளன, அதனால் ரப்பர் வளையம் அறுந்திருக்கிறது, புழுதி உறை இன்றிப் பொருத்தப்பட்டதால் உத்தரவாதம் செல்லாது என்றது கடிதம். படித்துவிட்டுச் சிறிது நேரம் கோபமாக இருந்தோம். பிறகு தண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். கீறல்கள் இருந்தன.

மலிவுச் சரக்கின் வளையம் விலையுயர்ந்ததைவிட விரைவில் அறுந்திருக்கலாம் என்று வாதிடலாம்தான். ஆயினும் அக்கடிதத்தை நம்மால் பொய் என்று சொல்ல இயலவில்லை. பொருத்தும் முறையில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரம் பாரத்தைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. வலமும் இடமும் ஜோடியாக மாற்றுவதும், பிறகு வீல் அலைன்மென்ட் பார்ப்பதும் பெரும்பாலோர் அறிந்ததே.

நியாயமான கோரிக்கையை வியாபாரி மறுத்தால் செல்லுமிடம் உண்டு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையீடு செய்பவர் தாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே முறையிட இடமளிக்கிறது. தில்லியிலிருந்து தபாலில் வந்த பொருளுக்காகத் தில்லிக்குப் போக வேண்டா. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். 5 லட்ச ரூபாய் வரை விலையுள்ளவற்றுக்குக் கட்டணம் இல்லை. பில் தர மறுப்பதையும் இச்சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பிழைப்புக்காகத் தாமே டாக்சி ஓட்டும் அன்பரையும் அது நுகர்வோராகவே மதிக்கிறது; ஆலையின் சீட்டு அவரை ஒதுக்கினாலும் சட்டத்தின் வாயில் அவருக்குத் திறந்தே இருக்கிறது. வழக்குக்கு முன்னர் 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 17 மொழிகளில் பேசுகிறார்கள், தமிழும் அவற்றுள் ஒன்று. அயல்மாநிலத்தில் கடைக்காரரோடு அரைகுறை மொழியில் வாதாடிச் சலித்தவர்க்கு அது ஓர் ஆறுதலே.

இரண்டாம் முறை 4,300 ரூபாய் ஜோடியை வாங்கினோம். உறைக்கு 700 ரூபாயும் கொடுத்தோம். முதல் ஜோடியின் 2,600 ரூபாயையும் இரண்டு முறை கூலியையும் கூட்டினால் வரும் தொகையை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பில்லில் வண்டி எண்ணையும், அன்றைய கிலோமீட்டரையும், பொருளின்மேல் பொறித்திருந்த எண்ணையும் கடைக்காரரைக் கொண்டே எழுதுவித்து, வெளுக்குமுன் படமெடுத்து வைத்துக்கொண்டோம். அச்சீட்டின் காலம் வருகிற ஆவணியில் முடிகிறது. அதற்கு ஒரு மாதம் முன்னதாக வண்டியைப் பட்டறையில் தூக்கி, கசிவு உண்டா என்று பார்த்துவிடுவதாகப் பட்டறைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.